சண்டை கேம் இசைக்கு வந்த சாமி

பதுளை டவுனில் காசு போட்டு விளையாடிய சண்டை வீடியோ கேமின் இசையை, தப்பு மேள அடி சேர்த்து, கீபோர்டில் என் பாணியில் வாசித்து சீடியில் பதிந்து வைத்திருந்தேன். வீட்டில் ஒருத்தரும் அதை முழுசாகக் கேட்டதில்லை.

தேயிலைத் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் ஸ்பீக்கர் பொறுப்பு எனக்கு. அம்மன் பாட்டு என்று நினைத்து அந்த சீடியைப் போட்டுத் தொலைத்தேன். பதறி நிறுத்தப் போவதற்குள், கொழுந்து பறிக்கும் மலையில்கூட அதிர்ந்து பேசாத என் அத்தைக்குச் சாமி வந்துவிட்டது.

"கைய எடுடா! பாதியில நிப்பாட்டினா சாமிகுத்தம் ஆயிரும்!" என்று கத்தினார் கோயில் தலைவர்.

அத்தை ஆடினாள். பாட்டு முடிந்ததும் மூச்சு வாங்க என்னை முறைத்தாள்.

"இன்னொரு தடவ போடு!"

அது என்ன பாட்டு என்று இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. என் இசையை மறுபடி கேட்ட ஒரே ரசிகை அந்த அம்மன்தான். அவளைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை.