வாலில் இருந்த எண்

என் சகலையின் மேல் எனக்கு ரொம்ப நாள் பொறாமை இருந்தது. எதற்கு என்று கேட்டால் சொல்லக் கூச்சமாக இருக்கும். உலகச் சண்டைக் காலத்து ஆகாய விமானம் ஒன்றின் வாலில் இருந்த எண்ணுக்காக.

சகலை என்றால் என் மனைவியின் அக்கா வீட்டுக்காரர். மேல்நிலைப் பள்ளியில் வாத்தியார். எங்கள் இருவர் வீடும் விருத்தாசலத்தில்தான், நடந்துபோகிற தூரம். அவருக்கு இங்கிலீஷ் நன்றாக வரும். எங்கள் குடும்பத்தில் முதலில் கம்ப்யூட்டர் வாங்கி இன்டர்நெட் வைத்ததும் அவர்தான். நான் பத்தாவதோடு நின்றவன். பீங்கான் சாமான் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் சார்ட்டிங் வேலை. கரண்ட் போர்டில் மாட்டுகிற பியூஸ் கேரியர்கள் சூளையில் வெந்து வரும், அவற்றைக் கையில் எடுத்துப் பார்த்து, நல்லது, இரண்டாம் தரம், கழிவு என்று பிரிக்க வேண்டும். சில துண்டுகளில் மேல்பூச்சு விட்டுப்போன இடத்தை யாராவது பிரஷ்ஷால் தொட்டுச் சரிசெய்து திரும்பச் சூளையில் வைத்திருப்பார்கள். நேராகப் பார்த்தால் தெரியாது. ட்யூப்லைட்டுக்குக் கீழே சாய்த்தால் வெளிச்சம் வழுக்கிக்கொண்டே வந்து அந்த இடத்தில் மட்டும் நிற்கும். இருபது வருஷமாக அந்த ஒரு வேலைதான் பார்க்கிறேன். நாலு பேர் முன்னால் பேச வராது.

மாமியார் இறந்தபின் சாமான்களைப் பிரித்தபோது தையல் மிஷின் அக்காவுக்குப் போனது. எங்களுக்கு ஒரு தகரப் பெட்டி வந்தது. அதில் மாமனார் வைத்திருந்த பழைய போட்டோக்கள். அவர் இளவயதில், சண்டை நடந்த காலத்தில், உளுந்தூர்பேட்டையில் ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்த்தவர். அப்போது அங்கே விமானத் தளம் போட்டிருந்தார்கள். மங்கலம்பேட்டை வழியாக பஸ்ஸில் போனால் அந்தப் பழைய ஓடுதளம் இன்னும் கிடப்பதைப் பார்க்கலாம்.

பெட்டியில் விமானப் படங்கள் இரண்டு இருந்தன. ஒன்றில் ஒரு விமானம் முழுசாக நிற்கிறது, இறக்கைக்குப் பக்கத்தில் இரண்டு வெள்ளைக்காரச் சிப்பாய்கள். இன்னொன்றில் நம்மூர் ஆட்கள் ஐந்து பேர், வேட்டியும் தலைப்பாகையுமாக. அவர்களுக்குப் பின்னால் ஒரு விமானத்தின் பின்பாதி மட்டும் தெரிகிறது.

சகலை அதைக் கேள்விப்பட்டு வாங்கிப்போய் கம்ப்யூட்டரில் ஏற்றினார். பழைய போட்டோக்களை வைத்துக்கொண்டு சண்டை விமானங்களை ஆராய்கிறவர்கள் வெளிநாட்டில் கூட்டம் கூட்டமாக இருக்கிறார்களாம். என்ன எண், என்ன எழுத்து, எங்கே குண்டு துளைத்தது, எங்கே ஒட்டுப்போட்டார்கள், எதன்மேல் புதுப் பெயின்ட் அடித்தார்கள் என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்களாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு அதைக் காட்டினார்.

"இந்தப் பக்கம் பறந்த விமானத்துல, எந்த நாடுன்னு காட்டுற வட்டக் குறிக்கு நடுவுல செவப்பு இருக்காதாம் சகல. எதிராளி விமானத்துல செவப்பு வட்டமாம். தப்பா நெனச்சு நம்ம ஆளே சுட்டுடுவான்னு எடுத்துட்டாங்களாம்."

நான் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதல் படத்தில் வட்டக் குறிக்குப் பின்னால் ஒரு சதுர ஒட்டு இருந்தது. மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் கருப்பு. அதன் கீழ் மூலை மடங்கினமாதிரி. இரண்டாவது படத்திலும் அதே ஒட்டு, அதே மடங்கின மூலை. ஆனால் வாலில் எண் வேறு.

"சகல, ரெண்டும் ஒரே விமானந்தான்" என்றேன்.

"எப்படி? நம்பர் வேறயா இருக்குதே."

"நம்பர மாத்தியிருக்காங்க. அந்தப் பக்கம் புதுசா பெயின்ட் அடிச்ச மாதிரி இருக்குது பாருங்க. இந்த ஒட்டுப்போட்ட எடம் மாறல."

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுப் பார்த்தார். பிறகு அந்த வெளிநாட்டுக் கூட்டத்துக்கு அனுப்ப டைப் அடிக்க ஆரம்பித்தார். இரண்டு படத்திலும் விமானம் ஒரே சாய்மானத்தில் நின்றது எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை. நிறுத்துகிற இடம் ஒன்றுதானே என்று இருந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு போனபோது ஏழெட்டுப் பதில்கள் வந்திருந்தன. சகலை ஒவ்வொன்றாகப் படித்து அர்த்தம் சொன்னார். இப்படி எண் மாறின விமானம் கிடைப்பது அபூர்வமாம். உங்களுக்கு அருமையான கண் என்று ஒருவர் எழுதியிருந்தார். புத்தகம் எழுதுகிற ஒருவர் அந்தப் படத்தைப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தார்.

"யாரு கண்ணு?" என்று நான் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று நாக்கு வரைக்கும் வந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது மனைவி சொன்னாள். "மாமாவப் பாத்தீங்களா, வெள்ளக்காரனே லெட்டர் போடுறான். நீங்களும் இருக்கீங்களே, எல கழுவுன தண்ணி மாதிரி."

"அத மொதல்ல பாத்தது நான்."

"பாத்தா போதுமா? சொல்லணும்ல."

அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. அருமையான கண் என்ற சொல்லை நினைத்தாலே எரிச்சல். அவர் புதுச் சட்டை போட்டால் எரிச்சல், தெருவில் யாராவது அவருக்கு வணக்கம் வைத்தால் எரிச்சல். அவருக்குத் தெரியாத இன்னொன்றைக் கண்டுபிடித்து எனக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. அசல் படங்களைத் திரும்ப வாங்கி, சாப்பாட்டு நேரத்தில் கம்பெனியில் என் மேஜைக்குக் கொண்டுபோனேன்.

துண்டுகளைப் பார்க்கிற மாதிரியே இரண்டாவது படத்தைச் சாய்த்தேன். வெளிச்சம் அந்த ஐந்து பேர் மேலே வழுக்கிப்போனது. வாலில் எண் இருந்த இடத்தில் நின்றது. அங்கே பளபளப்பு இல்லை. யாரோ போட்டோத் தாளின் மேலேயே பிரஷ்ஷால் தடவி, வேறு எண் எழுதியிருக்கிறார்கள். இன்னும் சாய்த்தேன். விமானத்தின் முதுகை ஒட்டி மயிரிழை மாதிரி ஒரு மேடு ஓடியது. கத்தரித்து ஒட்டின ஓரம். அந்த ஐந்து பேரின் நிழல் ஒரு பக்கம் விழுகிறது, விமானத்தின் நிழல் எந்தப் பக்கமும் விழவில்லை.

அன்று மனைவியிடம் சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன், உங்க அப்பா ஒட்டுப் படம் போடுவாரா என்று.

"அதுல பேர் போனவராச்சே. செத்துப்போனவங்களக்கூட குடும்பத்தோட ஒக்கார வச்சுடுவாரு. கல்யாணத்துக்கு வராத மாமன மணவறையில நிக்க வச்சிருக்காரு."

எல்லாம் விளங்கிவிட்டது. அந்த ஐந்து பேர் மாதிரி தளத்தில் மண் சுமந்த ஆட்களை விமானத்துக்குப் பக்கத்தில் விட்டிருக்க மாட்டார்கள். அவர்களுக்கோ ஊருக்கு அனுப்ப விமானத்தோடு ஒரு படம் வேண்டும். மாமனார் முதல் படத்தின் பிரதியிலிருந்து பின்பாதியை வெட்டி ஒட்டியிருக்கிறார். எண் தெரிந்தால் துரைமார் கேள்வி கேட்பார்கள் என்று வேறு எண் எழுதியிருப்பார். எந்த விமானத்துக்கும் எண் மாறவில்லை.

நான் சொன்னது தப்பு. ஆனால் அது இப்போது சகலையின் பெயரில் இருந்தது. பத்து நாள் நான் வாயைத் திறக்கவில்லை. புத்தகத்தில் அச்சாகட்டும், பிறகு யாராவது கண்டுபிடித்து அவர் முகத்தில் கரி பூசட்டும் என்று காத்திருந்தேன். அந்தப் பத்து நாளும் எனக்கு நன்றாகப் பசித்தது.

சொந்தத்தில் ஒரு காதுகுத்து வந்தது. பந்தியில் சகலை தன் விமானக் கதையை மறுபடியும் ஆரம்பித்தார். வெள்ளைக்காரன் பாராட்டினதற்கு வந்தபோது என்னால் பொறுக்க முடியவில்லை. இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"அது பொய்யி சகல. ரெண்டாவது படம் ஒட்டுப் படம். நம்ம மாமனாரு கத்திரிச்சு ஒட்டுனது. நம்பரும் அவரு எழுதுனதுதான்."

பக்கத்து இலைக்காரர்கள் சிரித்தார்கள். "வாத்தியாருக்கே பாடமா?" என்றார் ஒருவர். சகலை முகம் சுருங்கும் என்று பார்த்தேன். அவர் கையிலிருந்த அப்பளத்தை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அட, இது அதவிடப் பெரிய சங்கதியாச்சே. இத உடனே அவங்களுக்கு எழுதிடணும்."

எழுதிவிட்டார். அதற்கும் பாராட்டு வந்தது. தன் தப்பைத் தானே திருத்திக்கொள்ளும் நேர்மை என்று சொன்னார்களாம். அதையும் படித்து அர்த்தம் சொன்னார்.

புத்தகக்காரர் மட்டும் ஒரு கேள்வி கேட்டிருந்தார். ஒட்டின ஓரம் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது, கம்ப்யூட்டர் படத்தில் தெரியவில்லையே என்று. சகலை ஸ்கூட்டரில் கம்பெனிக்கே வந்துவிட்டார். படத்தை ட்யூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துக் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மாட்டிப் பார்த்தார்.

"தெரியுதுங்களா சகல?"

"தெரியுது, தெரியுது. இதானே" என்று ஒரு விரலை வைத்தார். அது வெறும் கீறல், தகரப் பெட்டியில் உரசினது. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களும் இப்படித்தான் தெரியுது தெரியுது என்பார்கள். நான் திருத்தவில்லை. அவர் சந்தோஷமாகப் போனார்.

ஒரு வாரம் கழித்து ஆள் விட்டார். நான் போனபோது கம்ப்யூட்டர் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நான் சொன்ன எடத்துல ஒண்ணுமே இல்லயாம் சகல. பெருசு பண்ணிப் பாத்துட்டாங்களாம். நான் கத கட்டுறேன்னு ஒருத்தன் எழுதிட்டான்." குரல் இறங்கியிருந்தது. "எனக்கு அன்னைக்கு எதுவும் தெரியல. கேக்க வெக்கமா இருந்துச்சு."

அவர் வெட்கம் என்று சொன்னது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. அது என் சொத்து என்று நினைத்திருந்தேன்.

அவர் எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளினார். முதல் தடவையாக அதில் உட்கார்ந்தேன். திரையில் விமானத்தின் முதுகு பெரிதாக இருந்தது. விரலை வைத்து, இங்கே ஆரம்பம், வால் நுனி வரைக்கும் போய், இந்தத் தலைப்பாகைக்குப் பின்னால் முடிகிறது என்று காட்டினேன். சாய்த்துப் பிடித்தபடி புதிதாக ஒரு போட்டோ எடுத்து அனுப்பினால் அவர்களுக்கும் தெரியும் என்றேன். ஸ்டூலை இழுத்துப்போட்டு அவர் டைப் அடித்தார். ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் சொல்லிக்கொண்டே வந்தார்.

அவர் அடித்துக்கொண்டிருக்கும்போதே கேட்டுவிட்டேன். "யாரு பாத்ததுன்னு எழுதுங்க சகல. மொதல்ல தப்பா சொன்னதும் நான்தான்னு எழுதுங்க. அன்னைக்கு நீங்க வேற எடத்துல வெரல் வச்சப்ப தெரிஞ்சே சும்மா இருந்தேன். அத எழுத வேணாம்."

அவர் டைப் அடிப்பதை நிறுத்தி என் பக்கம் திரும்பினார். "தெரிஞ்சேவா?" என்றார்.

"ஆமாங்க."

மறுபடி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி அடித்தார். இரண்டு வரி. என் பெயர் எங்கே என்று கேட்டேன், காட்டினார். இங்கிலீஷ் எழுத்துக்களை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தேன். சரியாக இருந்தது. அதற்குப் பக்கத்தில், பீங்கான் வேலையில் இருக்கும் என் சகலை என்று எழுதியிருப்பதாகச் சொன்னார்.

"அனுப்பட்டுமா?" என்றார்.

"இருங்க" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் முதல் எழுத்திலிருந்து படிக்க ஆரம்பித்தேன். அவர் கையை எடுத்துக்கொண்டு காத்திருந்தார்.