வெள்ளைப் பலகையில் நான் திருத்திய வரி

ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலைக் கிடங்கில் எழுத்தராக இருந்தபோது, உணவு இடைவேளைகளில் இலக்கணம் கற்றேன். அதற்கென்று ஓர் ஏடு வைத்திருந்தேன். இடப்பக்கம் பிழையான வாக்கியம், வலப்பக்கம் திருத்தம். வாய்விட்டுப் படித்தால் பிழை தானாகவே காதில் இடறும் என்பது நான் கண்டறிந்த வழி. பிறருடைய எழுத்தையும் நான் விட்டதில்லை.

"எல்லாரும் கல்யாணச் சாப்பாட்டப் பாக்குறாங்க, இவரு பத்திரிகையில தப்பு தேடுறாரு லா" என்று என் மனைவி உறவினர்களிடம் சொல்லிச் சிரிப்பாள்.

சென்ற ஆண்டு அவளைப் பக்கவாதம் தாக்கியது. வலக்கையும் பேச்சும் போயின. பேச்சுப் பயிற்சி அளித்த பெண் என்னைத் தனியே அழைத்தார்.

"அங்கிள், ஆன்டி இடது கையால எழுதட்டும். தப்பா எழுதினாலும் பரவால்ல. நிறுத்த மட்டும் விட்றாதீங்க."

சிறிய வெள்ளைப் பலகையும், அதில் எழுதி அழிக்கும் மைப்பேனாவும் வாங்கி வந்தேன். மூன்று வாரங்கள் வெறும் கோடுகளே விழுந்தன. பின்னர் ஒரு காலை, சுங்கை பினாங்கில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டின் சன்னலோரம் அமர்ந்து, நெடுநேரம் முயன்று அவள் எழுதினாள்: "நீ பசார் மீன் எனக்கு."

திருமணமான நாள்முதல் அவள் என்னை 'நீ' என்றதில்லை. மகிழ்ச்சியில் எனக்குக் கண் கலங்கிற்று. ஆயினும் என் கை அதற்குள் பேனாவை எடுத்துவிட்டது. அவள் வரியின்கீழ், "நீங்கள் சந்தைக்குச் சென்று எனக்கு மீன் வாங்கி வாருங்கள்" என்று எழுதி, வாய்விட்டுப் படித்தும் காட்டினேன்.

அவள் இரண்டு வரிகளையும் பார்த்தாள். பலகையைக் கவிழ்த்து வைத்தாள்.

மீன் வாங்கி வந்தேன், குழம்பும் வைத்தேன். உண்டாள். ஆனால் அதன்பின் எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை செபராங் ஜெயாவிலிருந்து மகள் வந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"அம்மா மீன் கேட்டாங்கப்பா. டியூஷனா கேட்டாங்க?"

பிறகு அவளே ஒரு வழியும் சொன்னாள்: "நீங்க தப்பா எழுதிக் காட்டுங்க. அம்மா திருத்தாம விடமாட்டாங்க, பாருங்க."

மறுநாள் பிழையாக எழுத அமர்ந்தேன். அது இவ்வளவு கடினம் என்று நான் எண்ணியதில்லை. எழுத எழுதக் கை தானே திருத்திக்கொண்டது. வேறு வழியின்றிப் பழைய ஏட்டைத் திறந்து, இடப்பக்கத்திலிருந்து ஒரு வரியை எடுத்தெழுதினேன்: "நான் நேற்று சந்தை போனான்."

பலகையை அவள் மடியில் வைத்தேன். படித்தாள். என் முகத்தையும், மேசைமேல் திறந்து கிடந்த ஏட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு இடது உள்ளங்கையால் அந்த வரியைத் துடைத்தாள். பிழையை மட்டுமன்று, முழு வரியையும். பலகையை என்னிடமே நீட்டினாள்.

அந்த ஏடு இப்போது அலமாரிக்குள் இருக்கிறது. பலகை இன்னும் வெறுமையாக அவளருகில் இருக்கிறது. ஒற்றைக் கையால் பேனாவின் மூடியை அவளால் கழற்ற இயலாது. ஆகவே நாள்தோறும் காலையில் நானே கழற்றி வைக்கிறேன். மூடாத பேனா விரைவில் உலர்ந்துவிடுகிறது. இது மூன்றாவது பேனா.