முத்துச்சிப்பிச் சுண்ணாம்பும் எஸ்தரின் தாடையும்

குளியலறைக் கதவு திறந்ததும் அந்த வாடை வந்துவிட்டது. மேலே ரோஜாப்பூ, அடியில் கெட்டுப்போன முட்டை. வெளியூர் வேலையிலிருந்து லீவுக்கு வந்திருக்கும் என் மகள் கைகாலுக்கு முடி எடுக்கிற கிரீம் பூசியிருக்கிறாள். இப்போது மல்லிகை, சந்தனம், எலுமிச்சை என்று விதவிதமான மணங்களில் கிடைக்கிறதாம். எந்த மணத்தைப் போட்டு மூடினாலும் அந்த முட்டை மட்டும் அப்படியே இருக்கிறது. "ஏம்மா, ஒங்க காலத்துல நீங்கல்லாம் என்ன செஞ்சீங்க?" என்று துண்டால் காலைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "ஒண்ணும் செய்யல" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். அது பொய். உங்களிடம் சொல்வதற்கென்ன, நாங்கள் செய்து பார்க்காதது கிடையாது.

நாங்கள் என்றால் மூன்று பேர். தூத்துக்குடியில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதி ஒன்றில் மாடியில் கடைசி அறை எங்களுடையது. பார்வதிக்கு ஏரல் பக்கம் ஆற்றங்கரை ஊர். நெல்லும் வாழையும் போடுகிற குடும்பம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. எஸ்தர் சாயர்புரத்துக்காரி, மாப்பிள்ளையூரணிப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர். நான் தெற்கே ஒரு கடற்கரை ஊர்க்காரி. துறைமுகத்தில் கப்பல் ஏஜெண்டு ஆபீஸ் ஒன்றில் டைப்பிஸ்ட். காற்று திரும்பினால் அறைக்குள் கருவாட்டு வாடை வரும். மற்ற இருவரும் மூக்கைப் பிடிக்கும்போது நான் மட்டும் மூச்சை நன்றாக இழுத்து விடுவேன். அந்த அறைக்குள் அதைவிட மோசமான வாடைகளையெல்லாம் பிறகு நாங்களே உண்டாக்கினோம்.

பார்வதிக்கு முழங்காலுக்குக் கீழே முடி அதிகம். பாவாடை காற்றில் தூக்கினால் வெட்கப்பட்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிடுவாள். அதை எப்படி எடுப்பது என்று ஒரு மழைக்கால ஞாயிற்றுக்கிழமை பேச்சு ஆரம்பித்து, பெரிய ஆராய்ச்சியாக முடிந்தது. அவளுடைய இடது காலை நீட்டச் சொல்லி, எஸ்தர் பள்ளிக்கூடத்து மர ஸ்கேலை வைத்து பேனாவால் கட்டம் போட்டாள். ஒரு கட்டத்துக்கு ஒரு வைத்தியம். எத்தனை நாளில் முடி திரும்ப வருகிறது என்று குறித்துவைப்பது என் வேலை. வார்டன் அம்மா கையில் நோட்டு சிக்கினாலும் புரியக்கூடாது என்று சுருக்கெழுத்தில் எழுதினேன். நான் படித்த சுருக்கெழுத்து அதைப் போல வேறெதற்கும் உருப்படியாகப் பயன்பட்டதில்லை.

முதல் கட்டம் பார்வதி வீட்டு வைத்தியம், பயத்தமாவும் கஸ்தூரி மஞ்சளும். இரண்டு வாரம் தேய்த்தோம். முடி அப்படியே இருந்தது, போர்வையும் தலையணை உறையும்தான் மஞ்சளாயின. "பொறந்ததுல இருந்து தேய்க்கணும்ளா. நடுவுல ஆரம்பிச்சா எப்டிப் போவும்?" என்று பார்வதி தன் ஊரை விட்டுக்கொடுக்காமல் பேசினாள். அடுத்தது பிளேடு. ஒரு நிமிஷ வேலை, ஆனால் மூன்றாம் நாள் தடவினால் தேங்காய்ச் சிரட்டை மாதிரி சொரசொரத்தது. கிரீம் போட்ட அன்று வார்டன் அம்மா கதவைத் தட்டி, "உள்ள எலி கிலி செத்துக் கெடக்கா?" என்று கேட்டார்கள். சீனியையும் எலுமிச்சைச் சாற்றையும் காய்ச்சிப் பூசிப் பிய்க்கிற வித்தைக்கு ஸ்டவ்வை ஒளித்துப் பற்றவைத்தோம். முதல் தடவை பாகு முறுகி மிட்டாயாகி, பார்வதியின் காலோடு ஒட்டிக்கொண்டது. வெந்நீர் ஊற்றி ஊற்றிக் கரைத்தோம். பிறகு இரண்டு நாள் அறை முழுக்க எறும்பு. பதம் பிடிபட்ட பிறகு அதுதான் ஜெயித்தது. மூன்று வாரம் முடி எட்டிப் பார்க்கவில்லை. புருவத்துக்கும் மேலுதட்டுக்கும் எஸ்தரின் நூல். ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் முறுக்கி முறுக்கி அவள் இழுக்கும் வேகத்தில் கண்ணீர் வருவதற்குள் வேலை முடிந்துவிடும்.

இவ்வளவு சிரிப்பும் பார்வதியின் காலுக்குத்தான். எஸ்தருக்குத் தாடையில் முடி இருந்தது. பூனைமுடி இல்லை, கறுத்து விறைத்த முடி. அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை, அவளும் பேசியதில்லை. தினமும் எங்களுக்கு முன்னால் எழுந்து, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, காலில் தைத்த முள்ளை எடுக்கிற முள்வாங்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்குவாள். நான் முழித்துக்கொண்டு, தூங்குவது போல அரைக்கண்ணில் பார்த்தபடி படுத்திருப்பேன். ஒரு முடி வரும்போது அவள் தோள் லேசாகத் துள்ளும். பிடுங்கிய இடமெல்லாம் சிவந்து, சில நாள் சீழ் கட்டி, அதன் மேல் பவுடர் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போவாள். எங்கள் புருவத்தை அவ்வளவு அழகாக எடுத்துவிடுகிறவள், தன் தாடைக்கு நூல் பிடிக்க எங்களை ஒருநாளும் கேட்டதில்லை.

ஒருநாள் சாயர்புரத்திலிருந்து அவள் அம்மாவின் கடிதம் வந்தது. சாகுபுரத்தில் வேலை பார்க்கிற மாப்பிள்ளை. வருகிற சனிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். கடிதத்தை மடித்துத் தலையணைக்கடியில் வைத்துவிட்டு, முதல்முறையாக எங்கள் இருவரையும் பார்த்து நேராகக் கேட்டாள்: "ஏளா, இத என்னளா செய்ய?"

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். எனக்கு உடம்பில் முடியே கிடையாது. வாழைத்தண்டு என்று இருவரும் கேலி செய்வார்கள். அந்த ஆராய்ச்சியில் பார்வதிக்குக் கால் இருந்தது, எஸ்தருக்கு நூல் இருந்தது, எனக்கு ஒரு நோட்டுதான் இருந்தது. எனக்கும் ஒன்று தெரியும் என்று காட்டிவிட வேண்டும் என்கிற அற்ப ஆசை வெகுநாளாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணம் ஏதாவது இருந்திருந்தால் இன்றைக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு குவியல் முத்துச்சிப்பி கிடந்தது. நான் பிறப்பதற்கு முன்னால் நடந்த கடைசி முத்துக்குளிப்பில் அப்பா கொண்டுவந்தது. முத்தெல்லாம் எப்போதோ போய்விட்டது. சிப்பி ஓடுகளை மட்டும் தூக்கிப்போட மனசு வரவில்லை. கிளிஞ்சல் சுண்ணாம்பு சுடுகிற காளவாசலுக்கு அதில் கொஞ்சம் கொடுத்து, வீட்டுக்கென்று தனியாகச் சுட்டு வாங்குவோம். குசினியில், சமையலறையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம், ஒரு சின்ன மண்சட்டியில் அது எப்போதும் இருக்கும். அந்தக் காலத்துக் கல்யாணப் பெண்கள் அதை மஞ்சளில் குழைத்துப் பூசித்தான் முகத்து முடியை எடுத்தார்கள் என்று என் சித்தி யாரிடமோ சொன்னதைச் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். பூசியவர்கள் யாரையும் பார்த்ததில்லை. ஆனால் முத்து குளிர்ச்சி என்பது எங்கள் கரையில் பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். முத்தைப் பொடித்து மருந்தாக உள்ளே சாப்பிடுகிறார்கள். அப்படியானால் முத்து பிறந்த சிப்பியும் குளிர்ச்சிதானே? நெருப்பில் சுட்ட பிறகு சிப்பியாவது மண்ணாவது, சுண்ணாம்பு சுண்ணாம்புதான் என்கிற சின்ன விஷயம் எனக்குத் தோன்றவில்லை. காளவாசல்காரரைக் கேட்டிருந்தால் ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பார்.

"வெத்தலக்கிப் போடுத சுண்ணாம்பு இல்லளா இது. முத்துச்சிப்பிச் சுண்ணாம்பு. இதுக்குச் சூடே கெடையாது" என்றேன்.

எஸ்தர் தயங்கினாள். "நீ போட்டுருக்கியா?"

"போட்டுருக்கேன். மேலுதட்டுல. அதான் எனக்கு முடியே இல்ல."

அந்த வார்த்தை எவ்வளவு சுலபமாக வந்தது என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

வீட்டுக்குப் போய் ஒரு டப்பாவில் கொண்டுவந்தேன். புதன்கிழமை சாயங்காலம், ஆபீஸ் விட்டு வந்ததும் குழைத்தோம். மஞ்சள் பட்டதும் சுண்ணாம்பு குங்குமமாகச் சிவந்தது. பார்க்க மங்களகரமாகத்தான் இருந்தது. தாடை முழுக்கக் கனமாகப் பூசிவிட்டேன். கொஞ்ச நேரத்தில், "எரியுதுளா" என்றாள். "எரியத்தான் செய்யும். எனக்கும் எரிஞ்சுது. பத்து நிமிசம் பொறு" என்றேன். பொறுத்தாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணிலிருந்து தண்ணீர் வழிய, அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பார்வதி, "கழுவிருவோம்ளா, எனக்குப் பயமா இருக்கு" என்று மூன்று தடவை சொன்னாள். எஸ்தர் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டாள். நான் பொறுத்ததை அவளும் பொறுக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறாள். நான் எதையும் பொறுத்திருக்கவில்லை.

கழுவும்போது முடியோடு தோலும் வந்தது.

பார்வதிதான் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாள். வார்டன் அம்மா ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். மறுநாள் எஸ்தரின் அம்மா வந்தார்கள். மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதற்குள் எஸ்தர், கட்டுப் போட்ட தாடையை அசைக்க முடியாமல், பல்லுக்குள் சொன்னாள்: "அவள ஒண்ணும் சொல்லாதிங்கம்மா. அவளும் போட்டுருக்கா, அவளுக்கு ஒண்ணும் செய்யல. என் தோலுதான் சரியில்ல."

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்திருக்காது. நான் அழுதேன், ஆனால் சொல்லவில்லை. அழுவதைப் பார்த்து அவள் அம்மா என் தலையைத் தடவிக்கொடுத்தார்கள்.

மாப்பிள்ளை வீட்டார் தள்ளிப்போட்டார்கள். அப்புறம் வரவேயில்லை. காரணம் அதுதானா என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. வேறு வரன்களும் வந்தன, எஸ்தர்தான் வேண்டாம் என்றுவிட்டாள். புண் ஆறிய பிறகு தாடையில் அங்கங்கே முடி திரும்ப வந்தது. ஒருநாள் காலையில் பார்த்தால் ஜன்னல் பக்கம் யாரும் இல்லை. எஸ்தர் எங்களைப் போலவே தூங்கிக்கொண்டிருந்தாள். எழுந்ததும் பார்வதி தயங்கித் தயங்கி முள்வாங்கியை நீட்டினாள். "வேண்டாம்ளா. இனும என் மூஞ்சில யாரும் ஒண்ணும் செய்யாண்டாம், நான் உள்பட" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அன்றைக்கு அப்படியே பள்ளிக்கூடத்துக்குப் போனாள். பிள்ளைகள் என்ன பெயர் வைத்திருப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். அவளுக்கும் அது தெரியும். தலைமை ஆசிரியை ஆகி ஓய்வு பெறும் வரைக்கும் அதே முகத்தோடுதான் போய்வந்தாள்.

எனக்குக் கல்யாணமாகித் தூத்துக்குடியிலேயே தங்கிவிட்டேன். பார்வதி வீட்டுக்காரரோடு வடக்கே போய், கடிதம் குறைந்து, நின்றுபோனது. எஸ்தர் மட்டும் டவுனுக்கு வரும்போதெல்லாம் வீட்டுக்கு வருவாள். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடுவோம் என்று நினைப்பேன். ஒரு தடவை பஸ் ஸ்டாண்டில், அவளைச் சாயர்புரம் பஸ்ஸுக்கு ஏற்றிவிட நின்றபோது ஆரம்பித்தே விட்டேன். "எஸ்தரு, அந்தச் சுண்ணாம்பு..." என்றதும் அவள் சிரித்தாள். "அத இன்னுமாளா நெனச்சிட்டு இருக்க? ஒன் தோலு நல்ல தோலு, அதான் தாங்குச்சு" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். பஸ் வந்துவிட்டது. வராவிட்டாலும் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

போன வருஷம் தூக்கத்திலேயே போய்விட்டாள். சேதி வந்து நான் சாயர்புரம் போய்ச் சேர்ந்தபோது பெட்டியில் வைத்திருந்தார்கள். வெள்ளைச் சேலை, கையில் பூ. குனிந்து பார்த்தேன், ஒரு நிமிஷம் வேறு யாரோ என்று நினைத்தேன். தாடை சுத்தமாக இருந்தது.

"இத யாரு எடுத்தா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

எஸ்தரின் தம்பி மனைவி பக்கத்தில் வந்து, "நாந்தான் எடுத்தேங்க்கா. ஊரே பாக்க வாராவல்லா, மைனி நல்லா இருக்கட்டும்னுதான்" என்றாள். அழுது அழுது அவள் கண் வீங்கியிருந்தது. கடைசி ஐந்தாறு வருஷம் எஸ்தரை வைத்துப் பார்த்தவள் அவள். அவளை நான் என்ன சொல்ல முடியும்? அவளும் பிரியத்தில்தான் செய்தாள். முகத்தில் யாரும் ஒன்றும் செய்ய வேண்டாம் என்று எஸ்தர் சொன்னது அந்த அறையில் இருந்த எனக்கும் பார்வதிக்கும் மட்டும்தான் தெரியும்.

பெட்டியை மூடுவதற்கு முன் ஒவ்வொருவராக முத்தம் கொடுத்தார்கள். என் முறை வந்தது. எஸ்தர் வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே என்னைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தோடு கன்னம் வைப்பாள். அவள் தாடை குத்தும். முகத்தைச் சுளித்தால் இன்னும் அழுத்தி வைப்பாள். அன்றைக்கு நான் குனிந்து என் கன்னத்தை அவள் கன்னத்தோடு வைத்து, "நான் போட்டுப் பாக்கவே இல்ல எஸ்தரு" என்று அவள் காதில் சொன்னேன். சுற்றிலும் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, யாருக்கும் கேட்டிருக்காது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். குத்தவில்லை.