ஏரிக்கு ஆயுசு குறையவில்லை

"ஆளே இல்லாத படத்தை ஆரு வாங்குவாங்கமே?" என்று என் வீட்டுக்காரர் ஒரு நாள் கேட்டார். பதில் இப்போது என் கூடத்துச் சுவரில் இரண்டு சட்டங்களுக்குள் தொங்குகிறது. என் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் அதைப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் குடிக்க வேண்டும். எனக்கு எழுத்து குறைவு. கூட்டிக் கூட்டித்தான் எழுதுகிறேன், மெதுவாகத்தான் வரும். ஆனால் படம் என்று வந்தால், வெள்ளைக்காரன் காலத்திலேயே பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் என்று மூன்று பக்கத்திலும் என் கை பேசாத வீடு கிடையாது.

குமணன்சாவடியில் மாட்டு வண்டிகள் நிற்கும் இடத்தை ஒட்டி எங்கள் படக்கடை. முன்புறம் தூணும் மாடிப்படியும் வரைந்த திரை, பின்புறம் ஓடு வேய்ந்த இருட்டறை. கடையும் படம் பிடிக்கும் பெட்டியும் என் வீட்டுக்காரருடையது. நான் இருட்டறையில் அவர் பக்கத்தில் நின்று படம் விழுந்த கண்ணாடி பிளேட்டைக் கழுவிக்கொண்டிருந்தவள். வீட்டுப் பெண்கள் அந்நிய ஆண் எதிரில் வந்து உட்கார மாட்டார்கள் என்பதால் ஒரு நாள் அவர் வாசலிலேயே நிற்க, நான் உள்ளே போய்ப் படம் பிடித்தேன். படம் நன்றாக விழுந்தது. அதற்கப்புறம் "அந்த அம்மாவையே அனுப்பு" என்றுதான் ஆள் வந்தது. சீமந்தம், கல்யாணம், புதுக் குழந்தை என்று எல்லாவற்றுக்கும் நான்தான். வண்டியில் பெட்டியும் மூன்று கால் ஸ்டாண்டும் ஏறும், பின்னால் நான் ஏறுவேன்.

அந்தக் காலத்துப் பெட்டியில் பொத்தான் எல்லாம் இல்லை. கண்ணாடிக் கண்ணுக்கு ஒரு மூடி. அதைக் கழற்றி, கொஞ்சம் பொறுத்து, திரும்ப மூட வேண்டும். அதற்குள் எதிரே இருப்பவர் கண் சிமிட்டினால் படம் போச்சு. அதனால் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு கண்ணாடி பிளேட்டு கூடுதலாகக் கொண்டுபோவது எங்கள் வழக்கம். நான் வீட்டுக்காரரிடம் ஓர் ஏற்பாடு பேசினேன். யாரும் சிமிட்டாமல் முதல் பிளேட்டிலேயே முடித்துவிட்டால் மிச்ச பிளேட்டு எனக்கு. அவர் சிரித்துக்கொண்டே சரி என்றார். பெண்கள் சிமிட்டாமல் இருப்பார்களா என்ற தைரியம் அவருக்கு.

எனக்கோ அந்த மிச்சம் வேண்டும். மற்றவர்கள் "சிமிட்டாதே, சிமிட்டாதே" என்று மிரட்டுவார்கள். மிரட்டினால் சிமிட்டாதவளும் சிமிட்டுவாள். நான், "ஆசை தீர நல்லா சிமிட்டிக்கோம்மா, அவசரம் ஒண்ணும் இல்ல" என்பேன். சிமிட்டிச் சிமிட்டி அலுத்து, அவள் சிரித்து, கண் நிலைக்கும்போது மூடியைக் கழற்றுவேன். தொழிலில் எனக்குப் பேர் வந்ததே இப்படித்தான்.

மிச்சமான பிளேட்டில் ஆளைப் பிடிக்க மாட்டேன். ஆவடிப் பக்கத்துப் பனைமரங்கள், அம்பத்தூர் ஏரியின் நாணல், மழைக்கு முந்தின மேகம், இதுதான் என் படம். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தால் எல்லாம் தலைகீழாகத் தெரியும். மனிதர் தலைகீழாகத் தெரிந்தால் சிரிப்பு வரும். ஏரி தலைகீழாகத் தெரிந்தால் எது வானம், எது தண்ணீர் என்று மனசு அப்படியே நின்றுவிடும். அந்த நிற்றல் எனக்கு வேண்டியிருந்தது.

செம்பரம்பாக்கத்து ஏரியை முழுசாகப் பிடிக்க வேண்டும் என்பது என் வெகு நாள் ஆசை. அந்தப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் கல்யாணம் வந்தது. பெண் அருமையான பெண், ஒரே பிளேட்டில் முடிந்தது. சாயங்கால வெயில் சாய்ந்திருந்தது. நேராகக் கரைமேல் ஏறி ஸ்டாண்டை ஊன்றினேன். அந்த வருஷம் ஐப்பசி பிறந்தும் மழை இல்லை. ஏரி பாதிதான் இருந்தது, ஓரமெல்லாம் வெடித்த சேறு.

ஏரிப் பாசனத்துக்குப் பெரியவராக இருந்தவர், அந்தக் கல்யாணப் பெண்ணின் தாத்தா, நாலைந்து பேரோடு வந்தார்.

"இன்னாம்மா பண்ற இங்க?"

"ஏரியைப் படம் புடிக்கப் போறேன் நைனா."

"ஏரியையா? ஏன், ஏரிக்கு இன்னா கல்யாணமா?"

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "வேணாம்மா. படம் புடிச்சா ஆயுசு கொறையும். அதான் நானே இதுவரிக்கும் ஒக்காந்தது இல்ல. மனுசன் ஆயுசு கொறைஞ்சா ஒருத்தனோட போவும். ஏரி ஆயுசு கொறைஞ்சா எத்தினி ஊரு சோறு போவும்?"

"பூந்தமல்லில பாதி சனத்தை நான் புடிச்சிக்கீறேன். எல்லாம் குண்டு குண்டா நடந்துகினு கீதுங்க, போயி பாருங்க."

"அதான நைனா, என் மாமியாரைப் புடிச்சி ரெண்டு வருசம் ஆச்சி. ஒண்ணும் ஆவல," என்று பின்னாலிருந்து ஒருவன் வருத்தமாகச் சொன்னான்.

பெரியவர் அவனை முறைத்துவிட்டு என்னிடம் திரும்பினார். "நீ புடிச்சிகினு பூடுவ. மழை பேயாம ஏரி வத்திப்போச்சின்னா ஆரு பதில் சொல்றது?"

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் பேசினால் வெளிச்சம் போய்விடும். வாயில் வந்துவிட்டது. "வத்திப்போச்சின்னா இந்தப் பொட்டியைத் தூக்கி ஏரியிலயே போட்டுடுங்க. ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்."

"தண்ணி இல்லாத ஏரியிலயா?"

"சேத்துல போடுங்க!"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கரைமேல நின்னு சொல்ற. ஞாபகம் வெச்சிக்கோ," என்று ஒதுங்கி நின்றார். நான் மூடியைக் கழற்றினேன்.

வீட்டுக்காரரிடம் நானே சொன்னேன். இன்னொருவர் வாயால் கேட்பதைவிட அது மேல். அவர் சாப்பிட்ட கையை அப்படியே வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏமே, உனுக்கு புத்தி கீதா? சோறு போடற பொட்டிமே அது! அத்தைப் போயி பந்தயம் வெச்சிகினு வந்துக்கீற!"

"மழை பேயும்."

"எங்க பேயுது? காட்டு!"

காட்ட ஒன்றுமில்லை. தீபாவளி வெயிலோடு போயிற்று. செம்பரம்பாக்கத்து வண்டிக்காரர்கள் கடையைத் தாண்டும்போதெல்லாம், "இன்னாம்மா, பொட்டியைத் தொடச்சி வெச்சிகினு கீறியா? சேறு காஞ்சிகினு வருது!" என்று குரல் கொடுத்துவிட்டுப் போவார்கள். நான் வாசலுக்கு வந்து, "தொடச்சிதான் வெச்சிக்கீறேன், ஏரி ரொம்பி கலங்கல் தாண்டறதைப் புடிக்க!" என்று கத்துவேன். பயமில்லாமல் இருந்தேன் என்று எழுதினால் பொய். பெட்டி போனால் கடை போகும், அவர் பிழைப்பு போகும், என் கை சும்மா கிடக்கும். ஆனால் கழுவி எடுத்த அந்தப் பாதி ஏரிப் படத்தைப் பார்க்கும்போது, பிடித்திருக்க வேண்டாம் என்று ஒரு தரம்கூடத் தோன்றவில்லை. வெடித்த சேற்றின் ஒவ்வொரு கோடும் தெரிந்தது. தூரத்தில் தண்ணீர் வெள்ளித் தகடு மாதிரி கிடந்தது.

ஆவடியில் ஒரு சீமந்தப் படம் முடித்து வந்து, மத்தியானம் இருட்டறையில் சிவப்பு விளக்குக்குக் கீழே அந்தப் பிளேட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஓட்டின்மேல் தட் என்று ஒரு சத்தம். இன்னொன்று. அப்புறம் எண்ண முடியாதபடி. வெளியே வீட்டுக்காரர் கதவைத் தட்டுகிறார். "ஏமே, மழைமே! வெளிய வா!" நான் போகவில்லை. கதவைத் திறந்தால் வெளிச்சம் பட்டு அந்தப் பிள்ளைத்தாய்ச்சியின் முகம் கருகிப் போகும். பிளேட்டை ஆட்டிக்கொண்டே, தண்ணீருக்குள் கையை வைத்துக்கொண்டே, மழையைக் காதால் மட்டும் கேட்டேன். முகம் முழுசாக எழும்பி, அலசி எடுத்து, காய வைத்துவிட்டுத்தான் கதவைத் திறந்தேன். தெருவில் முழங்கால் தண்ணீர். வீட்டுக்காரர் நனைந்துகொண்டு நின்று சிரித்தார்.

மழை விடாமல் அடித்தது. ஒரு காலையில் கடை வாசலில் வண்டி வந்து நின்றது. பெரியவரே வெற்றிலை பாக்கோடு இறங்கினார்.

"கலங்கல் தாண்டிடிச்சிம்மா. பொட்டியை எடுத்துகினு வா."

"ஏரிக்குள்ள போடறதுக்கா?"

"வாயைப் பாரு! ஏறும்மா வண்டியில."

இந்தத் தரம் ஸ்டாண்டை என் வீட்டுக்காரர் தோளில் சுமந்துகொண்டு கரை ஏறினார். கலங்கல்மேல் தண்ணீர் வெள்ளை வேட்டி மாதிரி வழிந்துகொண்டிருந்தது. ஊரே வந்திருந்தது. நான் துணிக்குள் தலையை விட்டதும் எல்லோரும் தலைப்பாகையைச் சரி செய்துகொண்டு ஏரிக்கு முன்னால் வரிசையாக நின்றுவிட்டார்கள். நடுவில் பெரியவர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

"நகருங்க எல்லாரும்," என்றேன்.

"நானுமா?"

"ஆயுசு கொறையும்னு சொன்னீங்களே நைனா?"

"ஏரிக்கே ஏறிப்போச்சி. எனுக்கு மட்டும் கொறையுமா?"

"உங்களை அப்புறம் தனியா புடிக்கிறேன். இன்னிக்கி ஏரிக்குத்தான் கல்யாணம். சம்பந்தி எல்லாம் ஓரமா நில்லுங்க."

கரையே சிரித்தது. அத்தனை ஆண்களும் என் ஒரு சொல்லுக்கு ஓரமாகப் போனார்கள். ஒரு கொக்கு மட்டும் நகரவில்லை. அது இருந்துவிட்டுப் போகட்டும் என்று மூடியைக் கழற்றினேன்.

மழை என்னால் பெய்ததில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் ஐப்பசி பிறந்ததும் படம் பிடிக்க எனக்கு வண்டி வரும். நானும் மறுத்ததில்லை.

கொக்கு நின்ற அந்த முதல் கலங்கல் படத்தைக் கடை முகப்பில் பெரிதாகச் சட்டம் போட்டு மாட்டியது நானில்லை, என் வீட்டுக்காரர். மாட்டின அன்றே வண்டியிலிருந்து இறங்கின ஓர் ஆள் உற்றுப் பார்த்துவிட்டு, "இன்னாயா இது, படத்துல ஆருமே இல்லியே?" என்றான்.

"ஏன், அம்மாம் பெரிய ஏரி கீதே, கண்ணு தெரில உனுக்கு?" என்றார் அவர்.

உள்ளே நான் ஒரு புதுப்பெண்ணைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்து, "நல்லா சிமிட்டிக்கோம்மா," என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மூடியைக் கழற்றினேன். அவள் சிமிட்டவில்லை. ஒரு பிளேட்டு மிச்சம்.