எந்தக் கூட்டத்தோடு ஒப்பிடுவது

ஆராதனை முடிந்து வந்ததும் ஜெபசுதா கணவனை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். துறைமுகத்தில் தான் ஓட்டும் டிரெய்லரிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்த நேசக்குமாருக்கு இது ஏழாவது வாரம். முதுகைத் துடைத்துவிட்டு, படுத்தே கிடப்பதில் குதிகால் சிவந்திருக்கிறதா என்று பார்த்தாள். சிவக்கவில்லை.

"மூஞ்சி ஏன் இப்படிப் பூத்திருக்கு?" என்றான்.

"எங்க ஆராய்ச்சிப் பேப்பர நாளைக்கு அனுப்புதோம். அது போனா எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் வேலை."

இப்போது அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. முத்துச்சிப்பி ஆய்வுக்கூடத்தில் அவள் திட்ட உதவியாளர். சூடான கடல்நீரில் வளர்த்த சிப்பிகளிலிருந்து, மேலோட்டைக் கட்டும் சதையை மட்டும் எடுத்து ஆராய்ந்தார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு ஜீன்களின் வேலை மாறியிருந்தது. அவற்றில் தற்செயலாக ஆறு வர வேண்டிய இடத்தில் பதினெட்டு ஓடு கட்டும் ஜீன்கள். சூடு ஓட்டைத்தான் தாக்குகிறது என்று எழுதியாயிற்று. அதையெல்லாம் அவனிடம் சொன்னாள்.

"ஆறுதான் வரணும்னு எவன் சொன்னான்?"

"சிப்பிக்கு மொத்தம் இருபத்தஞ்சாயிரம் ஜீன். அதுல ஓட்டு ஜீன் எத்தனைன்னு பாத்துப் போடுத கணக்கு."

"நல்ல கணக்கு! ஏளா, போர்ட் கேட்ல நின்னு முதுகுவலிக்காரன எண்ணுனா பாதிப்பேர் டிரைவராத்தான் இருப்பான். அங்கன வாரவனே பாதி டிரைவர். வலி இல்லாதவன எண்ணிப்பாரு, அதுலயும் பாதி டிரைவர்தான். தூத்துக்குடி ஜனம் பூராத்தையும் வச்சு ஒப்பிட்டா, டிரைவர் தொழிலே முதுகுவலின்னுல்லா உன் கம்ப்யூட்டர் சொல்லும்!"

அவன் சிரித்தான். அவள் துண்டைக் கீழே வைத்தாள்.

எடுத்தது ஓடு கட்டும் சதை. அங்கே ஓட்டு ஜீன்கள் கூடுதலாக இருக்கத்தானே செய்யும்? மடிக்கணினியைத் திறந்து, அந்தச் சதையில் வேலை செய்வதாகத் தெரிந்த ஒன்பதாயிரம் ஜீன்களை மட்டும் ஒப்பிடும் பட்டியலாகப் போட்டாள். வர வேண்டியது ஆறு என்றிருந்தது பதினாறு ஆனது. பதினெட்டில் அதிசயம் ஏதும் மிச்சமில்லை. பட்டியலின் அடியில் கிடந்த ஒரு சிறு ஜீன் கூட்டம் மட்டும் புதுக் கணக்கிலும் வர வேண்டியதைவிடக் கூடுதலாகவே நின்றது. அவனுக்கும் திரையைக் காட்டிச் சொன்னாள்.

"சாருக்குத் தெரியுமா?" அவன் குரல் இறங்கியிருந்தது.

"தெரியாது. நான் போட்ட பட்டியல நம்பிட்டாங்க."

தள்ளிப்போட்டால் தைரியம் போய்விடும். உடனே ஆய்வுக்கூடத் தலைவர் தேவபிரசாதம் சாருக்குப் போன் போட்டாள். அவர் புது எண்களை ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு, "நாளைக்கு அனுப்ப வேண்டாம்மா. புதுசாப் போட்டதக் கொண்டா, பாப்போம். வேலை நீட்டிப்பு பத்தி இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது," என்றார்.

நேசக்குமார் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "நான் வாய மூடிக்கிட்டுக் கிடந்திருக்கலாம்."

"நீங்க சொல்லலன்னா, அச்சுல வந்தபெறவு எவனாவது சொல்லிருப்பான். அப்ப சார் மானமும் சேந்துல்லா போகும்."

"மிஞ்சி நிக்கே, அந்த ஜீன் எல்லாம் என்ன வேலை பாக்கு?"

"சூட்டுல குலைஞ்சுபோன புரதத்தப் பழையபடி நிமித்தி விடுத வேலை."

"அத எழுதேன்."

"எழுதத்தான் போறேன். கைய விடுங்க, சோறு எடுத்துட்டு வாரேன்."