சனிக்கிழமை மட்டும் லீவு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம், பொறுமை ரொம்பக் குட்டை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்வது சுலபம்.

இரண்டாயிரங்களின் நடுவில், திண்டுக்கல்லுக்கு பிராட்பேண்ட் வந்த புதிதில், வீட்டு மாடியறையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு இணையதளம் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். கூடப் படித்தவர்கள் எல்லாம் சென்னைக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறிவிட்டார்கள். நீ ஏன் போகவில்லை என்று யாராவது கேட்டால், "ஏன், திண்டுக்கல்லுல கரண்டு இல்லையா?" என்று எரிந்து விழுவேன். நிஜமாகவே பல நாள் கரண்டு இருக்காது.

எனக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை ஒட்டன்சத்திரத்துக் காய்கறி கமிஷன் மண்டி ஒன்றின் தளம். இன்று என்ன காய் வந்திருக்கிறது, எத்தனை மூட்டை என்பதைக் கேரளத்து வியாபாரிகள் அங்கிருந்தபடியே பார்த்துவிட்டு லாரி அனுப்ப வேண்டும். மண்டி முதலாளி அதிகம் பேசமாட்டார். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருந்தார்.

"ஏனுங்க அம்மிணி, சனிக்கெழம மார்க்கெட் லீவு. அன்னைக்கி நேத்தைய சரக்கப் பாத்துப்போட்டு எவனாச்சும் லாரிய அனுப்பிட்டான்னா வம்பாப் போயிருமுங்க. சனிக்கெழம ஒண்ணுமே தெரியப்படாது."

அப்படியே செய்து கொடுத்தேன். சனிக்கிழமை யார் வந்தாலும், எந்தப் பக்கத்தைத் திறந்தாலும், 'இன்று மார்க்கெட் விடுமுறை. அவசரம் என்றால் அழைக்கவும்' என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி. கீழே அவர் வீட்டு ஃபோன் நம்பர். காய் கேரளா வழியாகத் துபாய்க்கும் போவதால் நம்பருக்கு முன்னால் இந்தியாவுக்கான தொண்ணூற்றொன்றையும் போடச் சொன்னார். போட்டேன்.

அடுத்து ஒரு பூட்டு வியாபாரி தளம் வேண்டுமென்று வந்தார். உட்கார்ந்து எழுத ஆரம்பித்தால், மண்டிக்கு எழுதியதையே மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன். பக்கத்தை எப்படித் திறப்பது, படிவத்தில் நிரப்பியதை எப்படி வாங்கிச் சேமிப்பது, எல்லாம் அதேதான். வீடு கட்டும்போதெல்லாம் செங்கல்லும் சேர்த்தா சுடுவார்கள்? அந்தப் பொதுவான பகுதிகளைத் தனியே உருவி ஒரு ஃபிரேம்வொர்க்காக ஆக்கினேன். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், காசு வேண்டாம் என்று ஓப்பன் சோர்ஸாக வெளியிட ஆசை வந்தது. நானே அப்படி யாரோ கொடுத்தவற்றை வைத்துத்தானே பிழைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

"தனக்கு மிஞ்சித்தான் தானம். இம்புட்டு நாளு ஒக்காந்து எழுதுனது ஓசியில அள்ளிக் குடுக்கவா?"

கடைசியில் எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் ஆனது. தை பிறப்பதற்குள் முன்பின் தெரியாத ஒரே ஓர் ஆளாவது அதை எடுத்துப் பயன்படுத்தினால் நான் திண்டுக்கல்லிலேயே இருந்து இதையே செய்யலாம். இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டு பெங்களூரில் அத்தை மகன் பார்த்து வைத்திருக்கும் வேலைக்குப் போக வேண்டும்.

மண்டி முதலாளியிடமும் கேட்டேன். அவருக்காக எழுதியது அல்லவா. "எம் மண்டி பேரு மட்டும் அதுல இருக்கப்படாதுங்க. மத்ததெல்லாம் உங்க இஷ்டம்" என்றார். வீட்டுக்கு வந்து எல்லாக் கோப்புகளிலும் மண்டியின் பெயரைத் தேடித்தேடி எடுத்தேன். ஓரிடத்தில்கூட விடவில்லை. ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் பதிப்பை வலையில் ஏற்றிவிட்டு, அம்மா சுட்ட பணியாரத்தில் பத்துக்கு மேல் தின்றேன்.

அதற்கப்புறம் சத்தமே இல்லை. இறக்கிக்கொண்டவர்களின் எண்ணிக்கை மட்டும் மெல்ல ஏறியது. ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. எடுத்தவர்கள் என்ன ஆனார்கள், கிணற்றில் விழுந்துவிட்டார்களா? தினமும் மெயிலைத் திறப்பேன், மூடுவேன், அம்மாவிடம் எதற்காவது சண்டை போடுவேன். கார்த்திகையும் பிறந்துவிட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை, புரோகிராம் எழுதுகிறவர்கள் கூடும் ஓர் இணைய மன்றத்தில் என் ஃபிரேம்வொர்க்கின் பெயரைப் பார்த்தேன். எழுதியிருந்தவர் ஒரு நார்வேக்காரர். அவர் எழுதியிருந்ததன் சாரம் இது:

'வாரநாட்களில் ஆபீஸ் வேலை என்பதால் சனிக்கிழமைதான் புதியவற்றை முயன்று பார்ப்பேன். இதை நிறுவியதும், இன்று மார்க்கெட் விடுமுறை என்று வந்தது. எந்த மார்க்கெட் என்று தெரியவில்லை. கீழே ஓர் இந்திய நம்பர் இருந்தது. அழைத்தேன். ஓர் அம்மா எடுத்தார். பிரச்சினையைச் சொன்னேன். மார்க்கெட் லீவ், டுமாரோ என்றார். மறுநாள் திறந்தேன், தானாகவே வேலை செய்தது. அடுத்த சனிக்கிழமை மறுபடி நின்றது. மறுபடி அழைத்தேன். டுமாரோ என்றார். மறுபடி வேலை செய்தது. நாலு வாரமாக இதே கதை. இப்படி ஒரு வாடிக்கையாளர் சேவையை நான் எங்குமே பார்த்ததில்லை.'

கீழே உலகமே சிரித்திருந்தது.

கோப்பைத் திறந்து பார்த்தேன். மண்டியின் பெயரைத் தேடி எடுத்தேனே தவிர, அந்த லீவு வரியில் பெயர் ஏது? நம்பர் மட்டும்தானே இருந்தது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டின் லீவை உலகத்துக்கே விட்டிருக்கிறேன். சனிக்கிழமை துணி துவைக்கும் நாளென்று கம்ப்யூட்டரைத் திறக்காமலே இருந்த மகராசி நான். இதைவிட மோசம், ஒரு நல்ல மனுஷர் வாரம் முழுக்க லாரியோடும் மூட்டையோடும் மல்லாடிவிட்டு வீட்டில் படுக்கும் ஒரே நாளில், அவர் வீட்டு ஃபோனை ஊர் பேர் தெரியாதவர்கள் கையில் கொடுத்திருக்கிறேன்.

அப்போதே முடிவு செய்துவிட்டேன். போய் மன்னிப்புக் கேட்பது, திரும்பி வந்து ஃபிரேம்வொர்க்கை வலையிலிருந்து எடுத்துவிடுவது, அம்மாவிடம் பெங்களூருக்குச் சரி என்று சொல்லிவிடுவது. ஒட்டன்சத்திரம் வழியாகப் போகும் பழனி பஸ்ஸில் ஏறினேன். ரெட்டியார்சத்திரம் தாண்டும்வரை அழுகையை அடக்கினேன். அதற்குமேல் முடியவில்லை. பக்கத்திலிருந்த பூக்கூடைக்காரம்மா ஒன்றும் கேட்காமல் ஜன்னலோரத்தை எனக்கு விட்டுக்கொடுத்தார்.

மண்டிக்காரர் வீட்டில் அவரும் அவர் மனைவியும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் காதைக் குடைந்துகொண்டே கேட்டார்.

"அப்ப நம்ம மார்க்கெட் லீவுன்னா நார்வேக்கும் லீவுங்களா?" என்றார். மனைவியைப் பார்த்து, "கேட்டியா, கலெக்டருக்கே இந்த அதிகாரமில்ல" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"அந்தாளு நாலு தடவ கூப்புட்டாருங்க" என்றார் அக்கா. முதலாளியின் மனைவியை அப்படித்தான் நான் கூப்பிடுவேன். "வேற ரெண்டு மூணு பேருங்கூட. துபாய்க்காரங்கன்னு நெனச்சுப்போட்டேன். எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசு அம்புட்டுத்தானுங்களே, மார்க்கெட் லீவு, டுமாரோ. சாப்டீங்களான்னும் கேட்டேன், அது அவருக்குப் புரியல."

"மன்னிச்சுக்கங்கக்கா. இனி வராது. இன்னைக்கே அதை எடுத்துர்றேன். யாரும் எடுக்க முடியாது, யாரும் கூப்பிடவும் மாட்டாக."

அக்கா முகம் மாறிவிட்டது.

"எடுத்துப்போடறதா? நாளைக்கி ஆயிரும்னு நானில்ல அந்தாளுக்குச் சொல்லியிருக்கறேன்? நாலு வாரமா எம் பேச்ச நம்பிக் கூப்புட்டுட்டு இருக்கறாரு. இப்பப் போயி எடுத்துப்போட்டா நாஞ் சொன்னது பொய்யுன்னு ஆயிருமுங்களே. அதெல்லாம் ஆகாதுங்க அம்மிணி. சரி பண்ணிக் குடுங்க."

"எல்லாரும் சிரிக்கிறாகக்கா."

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. எடுத்துட்டுப் போன காயி சொத்தையின்னா, சொத்தைய மாத்திக் குடுப்பமா, மண்டியப் பூட்டிப்போட்டுப் போவமா? உக்காருங்க, மொதல்ல சாப்புடுங்க."

சாப்பிட்டேன். தட்டப்பயறுக் குழம்பு. அழுது முடித்த வயிற்றுக்கு அது எப்படி இருந்தது என்று இப்போதும் நாக்கு சொல்லும். அவர் மூன்றாவது தடவை சோறு போட வந்தபோது, அம்மா சொன்ன ஒரே ஓர் ஆள் எனக்கு ஏற்கெனவே கிடைத்துவிட்டார் என்பது உறைத்தது. முன்பின் தெரியாத ஒருவர், நின்றுபோகும் ஒன்றை நாலு வாரமாக விடாமல் பயன்படுத்திக்கொண்டிருந்தார். அவரை விடாமல் பிடித்து வைத்திருந்தது நான் எழுதிய புரோகிராம் இல்லை, இந்த அக்கா.

வீட்டுக்கு வந்து லீவு வரியையும் நம்பரையும் எடுத்துவிட்டு, வெள்ளிக்கிழமைக்குள் இரண்டாம் பதிப்பை ஏற்றினேன். நடந்ததை ஒளிக்காமல் மன்றத்தில் எழுதினேன். காய்கறி மார்க்கெட்டுக்காக எழுதியது, அந்த மார்க்கெட் சனிக்கிழமை லீவு, ஃபோன் எடுத்தவர் முதலாளியின் மனைவி, அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது என்று. சிரித்தவர்களில் பாதிப்பேர் இறக்கிப் பார்த்தார்கள். முதல் திருத்தத்தை எழுதி அனுப்பியவர் அந்த நார்வேக்காரர்தான். விருப்பப்பட்டவர்கள் தங்கள் தளத்துக்கு வார விடுமுறை வைத்துக்கொள்ளும் வசதி அது. இன்றைக்கும் அந்த வசதி இருக்கிறது. நானும் இன்றைக்கும் திண்டுக்கல்லில்தான் இருக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அக்கா எனக்கு ஃபோன் செய்தார்.

"இப்பத்தான் அந்தாளு கூப்புட்டாருங்க. நான் வழக்கம்போல மார்க்கெட் லீவுன்னேன். அவரு நோ நோ, தேங்க்யூ, தேங்க்யூன்னாரு. சரியாப் போச்சுங்களா?"

"சரியாப் போச்சுக்கா."

"அப்பாடா. நானும் தேங்க்யூன்னு சொல்லி வெச்சுட்டேனுங்க."

அவர் அதைச் சொல்லிவிட்டார், எங்கிருந்தோ கூப்பிட்ட மனிதரும் சொல்லிவிட்டார். நான் மட்டும் சொல்லவில்லை. எங்கள் பக்கம், வீட்டில் உட்கார வைத்துச் சோறு போட்டவரிடம் நன்றி என்று சொன்னால், என்னை வேற்றாளாக்கிவிட்டாயா என்று முகம் வாடிப்போவார்கள். அதனால் ஒவ்வொரு பொங்கலுக்கும் போனேன், சாப்பிட்டேன், வந்தேன். போன வருஷம் அக்கா போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரு சனிக்கிழமை.