பதுங்குகுழியில் இரண்டு மொட்டைத் தலைகள்

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றியதில் என் முடி முழுவதும் கொட்டியிருந்தது. முக்காடு இல்லாமல் அயலவர் முன்னால் நான் நின்றதே இல்லை. அன்று குண்டுபோட வந்த பொம்மர் விமானம் இரைந்த பதற்றத்தில் வெறுந்தலையோடு பக்கத்து வீட்டுப் பதுங்குகுழிக்குள் குதித்துவிட்டேன். தலையில் முக்காடு இல்லாதது நினைவுக்கு வந்ததும் அந்தத் துணியை எடுக்க மறுபடி மேலே ஏறினேன். உயிரைவிட வெட்கம் பெரிதாக இருந்தது.

“பிள்ளை, எங்கை போறாய்? பொம்மர் மேலை நிக்குது!”

அந்த வீட்டுச் சரசக்கா என்னை இழுத்து இருத்தி, வீரிட்டு அழுத தன் குழந்தையை என் மடியில் போட்டார். போன கிழமைதான் கோயிலில் அதற்கு மொட்டை அடித்திருந்தார்கள்.

குழந்தை ஒரு கையால் என் தலையைத் தடவியது. மறு கையால் தன் தலையைத் தடவியது. அழுகை நின்றது. வெளியே குண்டு விழுந்து எங்கள்மேல் மண் கொட்டியபோதும் அது என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தது.

முடி வளர்ந்துவிட்டது. இன்றும் தலை சீவும்போது, அந்தச் சின்னக் கை பட்ட இடத்தில் சீப்பு ஒரு கணம் நிற்கும்.